18446744073709551615: செஸ் போர்டு, கம்ப்யூட்டர், நடுவுல ஒரு 641

கேள்வி இதுதான்: சி ப்ளஸ் ப்ளஸ்ல எழுதின ப்ரோக்ராம்ல -1 வரவேண்டிய இடத்துல 18446744073709551615ன்னு வருது, செஸ் போர்டு அரிசி கதையிலயும் இதே நம்பர்தான்னு ஃப்ரெண்டு சொல்றான், ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா, இந்த நம்பர்ல கணக்கு ரீதியா வேற ஏதாவது விசேஷம் இருக்கா?

சம்பந்தம் இருக்கு, விசேஷமும் நிறையவே இருக்கு. ஆனா எல்லாரும் அரிசி கதையோட நிறுத்திடுறாங்க, "அடேங்கப்பா எவ்ளோ பெரிய நம்பர்"னு சொல்லிட்டு போயிடுறாங்க, பெருசா இருக்கறது ஒரு விசேஷமே இல்லைங்க, இதை விட பெரிய நம்பர் வேணும்னா ஒண்ணு கூட்டினா போதும். இந்த நம்பரோட உண்மையான அழகு அதை உடைச்சுப் பாத்தாதான் தெரியும்.

முதல்ல ப்ரோக்ராம் விஷயத்தை முடிச்சுடறேன். 64 பிட் இருக்கற ஒரு வேரியபிள்ல எல்லா பிட்டும் 1ன்னு வெச்சா, மைனஸ் குறியே இல்லாத டைப்பா இருந்தா அதோட மதிப்பு 2⁶⁴-லேர்ந்து ஒண்ணு கம்மி, அதாவது 18446744073709551615. அதே 64 ஒண்ணுகளை மைனஸ் குறி உள்ள டைப்பா படிச்சா -1. பிட் ஒண்ணுதான், படிக்கிற விதம்தான் வேற. நீங்க -1ஐ குறியில்லாத டைப்ல போட்டிருப்பீங்க, இல்லைன்னா ஸ்ட்ரிங்ல தேடி "கிடைக்கல"ன்னு வந்த பதிலை அப்படியே ப்ரிண்ட் பண்ணியிருப்பீங்க, அதுவும் இதே நம்பர்தான். இன்னொண்ணு, இதை எக்ஸெல்ல போட்டு சோதிச்சுப் பாக்காதீங்க, அது 15 இலக்கத்துக்கு மேல வெச்சுக்காது, கடைசி அஞ்சு இலக்கமும் பூஜ்யமா நிக்கும். ஜாவாஸ்க்ரிப்ட்டும் சாதாரணமா போட்டா 18446744073709552000ன்னு காட்டும். பைத்தான்ல போடுங்க, அது எவ்ளோ பெரிய முழு எண்ணா இருந்தாலும் தாங்கும்.

செஸ் போர்டு கதை தெரிஞ்சதுதானே, முதல் கட்டத்துல 1, அடுத்ததுல 2, அப்புறம் 4, 8ன்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாக்கிட்டே போனா 64 கட்டத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்ளோ. பைனரியில எழுதினா ஒவ்வொரு கட்டமும் ஒரு பிட், எல்லா கட்டத்தையும் கூட்டினா 64 ஒண்ணு வரிசையா நிக்கும். சம்பந்தம் அவ்வளவுதான், கட்டமும் 64, பிட்டும் 64. எந்தக் கட்டத்துல நின்னு பாத்தாலும் அந்தக் கட்டத்துல இருக்கறது அதுக்கு முன்னாடி உள்ள எல்லாத்தையும் கூட்டினதை விட ஒண்ணு அதிகம், அதனாலதான் மொத்தம் 2⁶⁴ ஆகாம ஒண்ணு குறையுது. நம்ம பக்கத்துல இதை அம்பலப்புழை கிருஷ்ணன் கதையா சொல்வாங்க, ராஜாவோட சதுரங்கம் ஆடி ஜெயிச்ச கிருஷ்ணன் அரிசி கேட்டாராம், ராஜாவால குடுக்க முடியல, கடனுக்குப் பதிலா தினமும் பால் பாயசம் குடுக்கறதா ஆச்சு. அரபு பக்கம் போனா சிஸ்ஸாங்கிற ஒரு இந்திய அறிஞர் கோதுமை கேட்டதா வரும்.

கதையை விட எனக்குப் பிடிச்சது, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே அல்-பிரூனிங்கிற அறிஞர் இதை உக்காந்து கணக்கு போட்டதுதான். 64 தடவை இரட்டிப்பாக்கல அவரு. 16-ஓட வர்க்கம் 256, அதோட வர்க்கம் 65536, அதோட வர்க்கம் 4294967296, இன்னொரு தடவை வர்க்கம் எடுத்தா 2⁶⁴ வந்துடுது, அதுல ஒண்ணு கழிச்சா முடிஞ்சுது. நாலே பெருக்கல். இன்னைக்கு பெரிய அடுக்கு கண்டுபிடிக்க கம்ப்யூட்டர்ல பண்றதும் இதே வேலைதான்.

நம்ம முறையில கமா போட்டா 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டு சொல்லணும்னா 1.84 லட்சம் கோடி கோடி. ஒரு அரிசி 25 மில்லிகிராம்னு வெச்சுக்கிட்டா மொத்த எடை சுமார் 46,000 கோடி டன் வரும், இன்னைக்கு உலகம் முழுக்க வருஷத்துக்கு விளையற அரிசி 50 கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல, அப்படின்னா எண்ணூறு தொள்ளாயிரம் வருஷ விளைச்சல். பாயசத்தோட விட்டது ராஜாவுக்கு லாபம்தான்.

இதே நம்பர் வர்ற இன்னொரு கதையும் உண்டு, ஹனோய் கோபுரம். 1883-ல பிரெஞ்சு கணித அறிஞர் எடுவார் லூகாஸ் ஒரு புதிர் பொம்மையா வித்தது, மூணு குச்சி, ஒண்ணுக்கு மேல ஒண்ணா வட்டத் தட்டு, சின்னது மேல பெருசை வைக்கக்கூடாது. காசியில ஒரு கோயில்ல 64 தங்கத்தட்டு இருக்கு, பூசாரிங்க மாத்திட்டே இருக்காங்க, முடிஞ்சதும் உலகம் அழிஞ்சுடும்னு ஒரு கதையும் சேர்ந்து வந்துச்சு. 64 தட்டுக்கும் குறைஞ்சபட்சம் தேவைப்படற நகர்த்தல் சரியா நம்ம நம்பர். செகண்டுக்கு ஒண்ணுன்னு விடாம நகர்த்தினா 58,454 கோடி வருஷம், பிரபஞ்சத்தோட வயசே சுமார் 1,380 கோடிதான், அதனால பயப்பட வேண்டாம். (பொம்மையை சயாம் நாட்டு க்ளாஸ்ங்கிற ஒரு ஆளு பேர்லதான் வித்தாரு, அது லூகாஸ்ங்கிற எழுத்துக்களையே மாத்திப் போட்டது.) இந்த லூகாஸை ஞாபகம் வெச்சுக்கோங்க, இன்னும் ரெண்டு இடத்துல வருவாரு.

இப்போ உடைக்கலாம். 20 இலக்க நம்பரை உடைக்கணும்னா யாரா இருந்தாலும் கம்ப்யூட்டரைத் தேடுவாங்க, இதுக்குத் தேவையில்ல, எட்டாங்கிளாஸ்ல படிச்ச முற்றொருமை போதும், ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசம்னா கூட்டல் இன்ட்டு கழித்தல். 2⁶⁴-ங்கிறது 2³²-ஓட வர்க்கம், 1-ங்கிறது 1-ஓட வர்க்கம். அப்போ 2⁶⁴ − 1 = (2³² + 1) × (2³² − 1). ரெண்டாவது துண்டுல மறுபடியும் அதே வித்தை, (2¹⁶ + 1) × (2¹⁶ − 1). அதுக்குள்ள இன்னொண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணு, சரவெடி மாதிரி கடைசி வரைக்கும் வெடிச்சுட்டே போகும். முடிவுல கிடைக்கிறது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறு நம்பரும் கணக்கு படிச்சவங்களுக்கு ரொம்ப பழக்கமான ஆளுங்க, ஃபெர்மா எண்கள்னு பேர். 2-ஓட அடுக்குல 1, 2, 4, 8, 16, 32ன்னு போட்டு ஒண்ணு கூட்டினா வர்றது. நம்ம நம்பர்ங்கிறது முதல் ஆறு ஃபெர்மா எண்ணோட பெருக்கல், வேற எதுவும் கலக்கல. இதோட 2 கூட்டினா ஏழாவது ஃபெர்மா எண் வந்துடும், 18446744073709551617. இது ஒரு பொது விதி, முதல் சில ஃபெர்மா எண்களைப் பெருக்கி 2 கூட்டினா அடுத்தது கிடைக்கும். 3 × 5 = 15, கூட 2, 17. 15 × 17 = 255, கூட 2, 257. இதுலேர்ந்து எந்த ரெண்டு ஃபெர்மா எண்ணுக்கும் பொதுக் காரணி இருக்கவே முடியாதுன்னு வருது, இருந்தா அது 2-ஐயும் வகுக்கணும், ஆனா எல்லாமே ஒற்றைப்படை. பொதுக் காரணியே இல்லாத எண்கள் முடிவில்லாம இருக்குன்னா ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு புது பகா எண்ணாவது இருக்கணும், அப்போ பகா எண்களும் முடிவில்லாதது. கோல்ட்பாக்ங்கிற கணித அறிஞர் 1730-ல இன்னொரு கணித அறிஞரான ஆய்லருக்கு எழுதின கடிதத்துல இந்த நிரூபணம் இருக்கு.

3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண்கள். ஆறாவது?

1640-ல ஃபெர்மாங்கிற பிரெஞ்சு கணித அறிஞர் இந்த வரிசையில வர்றது எல்லாமே பகா எண்தான்னு நம்பி கடிதத்துல எழுதினாரு, நிரூபணம் கையில இல்லைன்னும் ஒத்துக்கிட்டாரு. அஞ்சு தடவை சரியா வந்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். 1729 டிசம்பர்ல கோல்ட்பாக், "ஃபெர்மா இப்படி ஒண்ணு சொன்னாரே, உனக்குத் தெரியுமா"ன்னு ஆய்லர்கிட்ட கேட்டாரு. மூணு வருஷம் கழிச்சு 1732-ல, இருபத்தஞ்சு வயசு ஆய்லர், 4294967297 பகா எண் இல்ல, 641-ஆல வகுபடும்னு சொல்லிட்டாரு. 641 × 6700417. முடிஞ்சுது கதை.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 641-ஐக் கண்டுபிடிக்கத் தேவையான ஆயுதத்தைச் செஞ்சு வெச்சதே ஃபெர்மாதான், அதுவும் அதே 1640-ல. ஃபெர்மாவோட சிறிய தேற்றம்னு படிச்சிருப்பீங்க, ப-ங்கிறது ஒற்றைப்படை பகா எண்ணா இருந்தா 2-ஓட (ப − 1)ஆவது அடுக்கை ப-ஆல வகுத்தா மீதி 1. இப்போ 2³² + 1-ஐ வகுக்கிற ஒரு பகா எண் இருக்குன்னு வெச்சுப்போம். அதைப் பொறுத்தவரை 2³²-ஓட மீதி -1, அப்போ 2⁶⁴-ஓட மீதி 1. 2-ஓட அடுக்கை ஏத்திட்டே போனா மீதி முதல்முதலா 1 ஆகறது சரியா 64-ல, அதுக்கு முன்னாடி ஆகியிருந்தா 32-லயும் 1 வந்திருக்கணும், வரல. அதனால ப − 1-ங்கிறது 64-ஓட மடங்கா இருந்தே ஆகணும். அதாவது சோதிச்சுப் பாக்க வேண்டியது 65, 129, 193, 257ன்னு 64-ஓட மடங்கு கூட ஒண்ணு, அதுலயும் பகா எண்கள் மட்டும்: 193, 257, 449, 577, 641. அஞ்சாவது அடியிலயே விழுந்துடுச்சு. ஃபெர்மா தன்னோட தேற்றத்தைத் தானே போட்டுப் பாத்திருந்தா ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிருக்கும், ஏன் பாக்கலைங்கிறது எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்தான்.

ஆய்லர் 1732-ல விடையை மட்டும்தான் சொன்னாரு, காரணி 64-ஓட மடங்கு கூட ஒண்ணா இருக்கணும்ங்கிற விளக்கம் அவர் பின்னாடி எழுதின கட்டுரையில வருது. 1878-ல லூகாஸ் (அதே ஹனோய் லூகாஸ்) இன்னும் இறுக்கிட்டாரு, 64 இல்ல, 128-ஓட மடங்கு கூட ஒண்ணுதான் வரமுடியும்னு. அப்படிப் பாத்தா மேல இருக்கற அஞ்சுல மிஞ்சறது 257, 641 ரெண்டே ரெண்டு, 257 அதுவே ஒரு ஃபெர்மா எண், பொதுக் காரணி கிடையாதுன்னு முன்னாடியே பாத்தாச்சு, அதனால அதையும் தள்ளிடலாம். முதல் சோதனையே 641.

வகுத்துப் பாக்காமலே 641 வகுக்கும்னு காட்ட ஒரு குட்டி நிரூபணம் இருக்கு, எனக்குத் தெரிஞ்ச அழகான நாலு வரி கணக்குல இது ஒண்ணு. 641-ஐ ரெண்டு விதமா எழுதுங்க: 640 + 1, அதாவது 5 × 2⁷ + 1. இன்னொண்ணு 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதலாவதுலேர்ந்து, 641-ஆல வகுக்கிற கணக்குல 5 × 2⁷ = -1. ரெண்டு பக்கமும் நாலாம் அடுக்கு எடுத்தா 5⁴ × 2²⁸ = 1. ரெண்டாவதுலேர்ந்து 5⁴ = -2⁴, அதை இங்க போட்டா -2³² = 1. அப்போ 2³² + 1 = 0, மீதி இல்ல. பத்து இலக்க நம்பரை எங்கயும் எழுதவே இல்ல பாருங்க.

இன்னொரு துண்டு 6700417 பகா எண்தானா? இதையும் கையால பாத்துடலாம். அதோட வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள 128-ஓட மடங்கு கூட ஒண்ணா இருக்கற பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். 257-ஐத் தள்ளியாச்சு. 641-ஆல வகுத்தா மீதி 44, 769-க்கு 120, 1153-க்கு 334, 1409-க்கு 622. நாலே வகுத்தல், பகா எண்ணுன்னு உறுதி. சாதாரணமா பண்ணியிருந்தா 2588 வரைக்கும் உள்ள எல்லா பகா எண்ணையும் போட்டு முட்டியிருக்கணும், முந்நூறுக்கு மேல இருக்கும். 1812 வாக்குல ஜெரா கோல்பர்ன்னு ஒரு அமெரிக்கப் பையன், எட்டு வயசு, லண்டன்ல இந்த 4294967297-ஐக் கேட்டப்போ பேப்பர் இல்லாம 641-னு சொன்னதா பதிவு இருக்கு. அந்த மாதிரி ஆளுங்க கணக்கே வேற.

ஆக முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு வெவ்வேற பகா எண்கள், எதுவும் ரெண்டு தடவை வரல. அதனால மொத்த வகுத்திகள் 2⁷ = 128. இலக்கங்களைக் கூட்டினா 87, அதனால 3-ஆல வகுபடும், 9-ஆல வகுபடாது, அதுவும் ஒத்துப்போகுது. தன்னை விட்டுட்டு மத்த வகுத்திகளைக் கூட்டினா இந்த எண்ணோட எழுபது சதவீதம்தான் தேறும், அதனால குறை எண் வகை. இதெல்லாம் எந்த நம்பருக்கும் போடற ஜாதகம்தான், பெருசா ஒண்ணுமில்ல.

உண்மையான விஷயம் அடுத்தது. ஒரு எண்ணை விடச் சின்னதா இருக்கற எண்கள்ல அதோட பொதுக் காரணி இல்லாதது எத்தனைன்னு எண்றதை ஆய்லர் ஃபைன்னு சொல்வாங்க. பகா எண் வெவ்வேறயா இருந்தா ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கழிச்சுப் பெருக்கினா போதும். 15-க்கு 2 × 4 = 8. 16-க்கும் 8. 255-க்கு 2 × 4 × 16 = 128, 256-க்கும் 128. 65535-க்கும் 65536-க்கும் 32768. 4294967295-க்கும் 4294967296-க்கும் 2³¹. பக்கத்துப் பக்கத்து ரெண்டு எண்ணுக்கும் ஒரே விடை, வரிசையா, ஒரு தப்பு இல்லாம. காரணம் ஃபெர்மா பகா எண்ல ஒண்ணு கழிச்சா சுத்தமா 2-ஓட அடுக்குதான் மிஞ்சும்.

அடுத்த படி நம்ம நம்பர். 4294967297 பகா எண்ணா இருந்திருந்தா இங்கயும் விடை 2⁶³, அதாவது 2⁶⁴-க்கு வர்ற அதே விடை வந்திருக்கும். 641 உள்ள புகுந்ததால 2³¹ × 640 × 6700416 ஆயிடுச்சு, பாதியை விட ஒரு நூல் கம்மி. நாலு படி (1-ம் 2-ம், 3-ம் 4-ம் ஜோடியையும் சேர்த்தா ஆறு) ஓடின வரிசை சரியா இந்த நம்பர்ல வந்து நிக்குது.

இதே உடைசல் ஜியாமெட்ரியிலயும் தெரியும். காம்பஸும் அளவு குறிக்காத ஸ்கேலும் மட்டும் வெச்சு எந்தெந்த ஒழுங்கு பலகோணம் வரையலாம்ங்கிறது கிரேக்கர் காலத்துக் கேள்வி. 1796-ல ஜெர்மன் கணித அறிஞர் காஸ், பத்தொம்போது வயசு கூட முடியல, 17 பக்கம் வரைய முடியும்னு கண்டுபிடிச்சாரு. 1837-ல வான்ட்செல் எதெல்லாம் முடியாதுங்கிற பக்கத்தையும் நிரூபிச்சு முடிச்சாரு. விதி ரொம்ப சிம்பிள்: பக்கங்களோட எண்ணிக்கைக்கு ஆய்லர் ஃபை போட்டா 2-ஓட அடுக்கு வரணும், அவ்வளவுதான். அப்போ ஒற்றைப்படைப் பக்கம்னா வெவ்வேற ஃபெர்மா பகா எண்களைப் பெருக்கி வர்றது மட்டும். நமக்குத் தெரிஞ்சது அஞ்சு, அதுலேர்ந்து 31 பலகோணம், பெருசு 4294967295 பக்கம். வரைஞ்சு பாக்க வேண்டாம், 65537 பக்கத்துக்கே ஹெர்மஸ்னு ஒரு ஜெர்மானியர் பத்து வருஷத்துக்கு மேல உழைச்சாரு, அந்தக் கையெழுத்துப் பிரதி இன்னும் கோட்டிங்கன் யுனிவர்சிட்டியில இருக்கு. 641 மட்டும் இல்லாம இருந்திருந்தா இந்தப் பட்டியல் 63 ஆகியிருக்கும், அதுல கடைசி, பெரிய பலகோணம் 18446744073709551615 பக்கம். இப்போ அது வரைய முடியாத பலகோணம்.

பாஸ்கல் முக்கோணம் தெரியும்ல, பிங்கலர் வழியில மேரு பிரஸ்தாரம்னு சொல்றது. அதுல ஒற்றைப்படை எண் இருக்கற இடத்துல 1, இரட்டைப்படை இடத்துல 0 போட்டு ஒவ்வொரு வரியையும் பைனரி எண்ணா படிங்க. 1, அப்புறம் 11-னா 3, 101-னா 5, 1111-னா 15, 10001-னா 17, அடுத்தது 51, 85, 255, 257... பாத்தீங்களா? முதல் வரியை விட்டுட்டா அடுத்த 31 வரியும் அந்த 31 பலகோணம்தான், அதே வரிசையில. 33-வது வரி 4294967297, பட்டியலை விட்டு வெளியே போயாச்சு. 64-வது வரியில ஒரு பூஜ்யம் கூட இல்லாம 64 ஒண்ணு, நம்ம நம்பர். அந்த வரியில உள்ள அத்தனை எண்ணும் ஏன் ஒற்றைப்படைன்னு சொல்ற தேற்றம் யாரோடதுன்னா, லூகாஸ். மூணாவது தடவை வந்துட்டாரு.

பைனரியில தசம பின்னம் மாதிரி எழுதறதுலயும் இந்த நம்பர் ஒளிஞ்சிருக்கு. நம்ம தசமத்துல 1/7 எழுதினா 142857 திரும்பத் திரும்ப வரும்ல, ஆறு இலக்கத்துக்கு ஒரு சுத்து. பைனரியில 1/3-க்கு சுத்து 2 பிட், 1/5-க்கு 4, 1/17-க்கு 8, 1/257-க்கு 16, 1/65537-க்கு 32, 1/641-க்கும் 1/6700417-க்கும் 64. 64 பிட்டுக்குள்ள சுத்து சரியா பொருந்தி உக்காரற பகா எண்கள் மொத்தம் இந்த ஏழுதான், எட்டாவதுன்னு ஒண்ணு கிடையாது. ஏன்னா 64 பிட்ல சுத்து முடியுதுன்னா அந்த எண் 2⁶⁴ − 1-ஐ வகுக்குதுன்னு அர்த்தம்.

இதெல்லாம் சும்மா அழகுக்கா, எங்கயாவது உபயோகம் உண்டான்னு நீங்க ப்ரோக்ராமர்ங்கிறதால கேப்பீங்க. உண்டு. ரேண்டம் நம்பர் உருவாக்க மார்சாலியா 2003-ல சொன்ன எக்ஸார்ஷிஃப்ட் முறை இருக்கு, 64 பிட் நிலையை எடுத்து 13 இடம் இடதுபக்கம் தள்ளி எக்ஸார் (ரெண்டு பிட்டும் வேற வேறயா இருந்தா 1, ஒரே மாதிரி இருந்தா 0), 7 இடம் வலதுபக்கம், 17 இடம் இடதுபக்கம், அவ்வளவுதான் கோடு. பூஜ்யத்தை விட்டா மொத்த நிலைகள் 2⁶⁴ − 1, ஒரு தடவை கூட ரிப்பீட் ஆகாம அத்தனையையும் சுத்திட்டுதான் ஆரம்பிச்ச இடத்துக்கு வரும். சரி, அப்படி முழுசா சுத்துதுன்னு எப்படித் தெரியும், ஓட விட்டா பாக்க முடியும்? இங்கதான் காரணிகள் வேலைக்கு வருது. அந்தத் தள்ளல் வேலையை ஒரு அணியா (மேட்ரிக்ஸ்) எழுதிக்கிட்டு, 2⁶⁴ − 1 தடவை பண்ணினா பழைய இடத்துக்கு வருதான்னு ஒரு சோதனை, அந்த எண்ணை 3-ஆல, 5-ஆல, 17-ஆல, 257-ஆல, 641-ஆல, 65537-ஆல, 6700417-ஆல வகுத்து அத்தனை தடவை பண்ணினா வரக்கூடாதுன்னு ஏழு சோதனை. மொத்தம் எட்டு. ஒவ்வொண்ணும் அல்-பிரூனி பண்ணின அதே வர்க்கம் எடுக்கற வித்தையில கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும். 13, 7, 17-க்குப் பதிலா நம்ம இஷ்டத்துக்கு ஏதாவது மூணு நம்பர் போட்டா பெரும்பாலும் இந்த சோதனையில ஃபெயில் ஆயிடும், அதனால கைவெச்சு மாத்தாதீங்க.

கமெண்ட்ல ஒருத்தர் 9223372036854775807 பத்தியும் கேட்டிருந்தாரு, அது 2⁶³ − 1, மைனஸ் குறி உள்ள 64 பிட் டைப்போட உச்சம். யூடியூப்ல 2014-ல ஒரு கொரியன் பாட்டோட வியூஸ் 32 பிட் கவுன்டரைத் தாண்டப் போகுதுன்னு இந்த 64 பிட்டுக்கு மாத்தினாங்களே, அது. அந்தப் பழைய 32 பிட் உச்சம் 2147483647 ஒரு பகா எண், 1772-ல ஆய்லர்தான் நிரூபிச்சாரு. புதுசு அப்படி இல்ல, 7 × 7 × 73 × 127 × 337 × 92737 × 649657. இதுல 7 ரெண்டு தடவை வருது, நம்ம நம்பர் அளவுக்கு ஒழுங்கு கிடையாது.

பக்கத்துல உள்ள 18446744073709551617, ஏழாவது ஃபெர்மா எண், அது தனிக் கதை. ஒற்றைப்படை எண்கள் வரிசையில ரெண்டும் நேரடி அக்கம்பக்கம், ஆனா நம்ம நம்பர் தானா உடைஞ்சு விழுது, அது அசையவே அசையாது, வர்க்க வித்தியாச வித்தை அங்க செல்லாது. 1880-ல லாண்ட்ரின்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 82 வயசுல, 274177 × 67280421310721-னு உடைச்சாரு. அதுவும் விதிப்படிதான், 274177-ங்கிறது 1071 × 256 + 1. எட்டாவதை உடைக்க 1970 வரைக்கும் ஆச்சு, மாரிசனும் பிரில்ஹார்ட்டும் கம்ப்யூட்டர் வெச்சு பண்ணினாங்க. ஆறாவதுலேர்ந்து முப்பத்தி மூணாவது வரைக்கும் ஒண்ணு கூட பகா எண் இல்லைன்னு தெரியும். முப்பத்தி நாலாவதுல 258 கோடி இலக்கம் இருக்கு, அது எந்தப் பக்கம்ங்கிறது இன்னும் முடிவாகல.